பதினெட்டு வீசை மிளகாய்

சென்னையிலிருந்து வந்திருந்த தம்பி அப்பாவிடம் அதைக் கேட்டபோது நாங்கள் மூவரும் ஒரு டீக்கடையின் குட்டி ஸ்டூல்களில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ரங்கூன் டீக்கடையில் பால் டீ குடித்து முடித்த பிறகும் மேசையில் இருக்கும் பச்சை டீயை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். தம்பி என்றால் எங்கள் சின்னத்தாத்தாவின் பேரன். கல்லூரியில் மாணவர் சங்கத்தில் இருப்பவன். செல்போன் உறையில்கூடச் சிவப்பு நட்சத்திரம். "பெரியப்பா, இங்க இருபத்தாறு வருஷம் சோசலிசம் இருந்துச்சாமே, எப்படி இருந்துச்சு?" என்றான். கோயில் வரலாறு கேட்பவனின் பவ்யம் அவன் குரலில் இருந்தது. அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு, "வரிசையில நின்னுச்சு தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவு தம்பி என்னிடம் தனியாகச் சொன்னான்: "அக்கா, இங்க இருந்தது சோசலிசமே கிடையாது. சோசலிசம்னு போர்டு மாட்டுன மிலிட்டரி ஆட்சி." மறுநாள் காலை அப்பா தனியாகச் சொன்னார்: "நல்ல பையன்தான். ஆனா அந்தக் கம்யூனிஸ்ட் கும்பல்தானே நம்ம கடையைத் தின்னுச்சு? அவன் தாத்தா இதெல்லாம் சொல்லித் தரலையா?" இரண்டும் என்னை உறுத்தின. மருந்து கேட்காவிட்டால் பத்தியம் சரியில்லை என்று சொல்லும் நாட்டு வைத்தியர் போலத் தம்பி பேசுவதாகப் பட்டது. அப்பா சொன்னதோ நேரடிப் பிழை. எங்கள் கடையை எடுத்துக்கொண்ட அரசு, அதே சமயத்தில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. இதை அப்பாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். "எல்லாம் ஒரே சரக்குதான், டப்பாதான் வேற" என்பார். அவர் மளிகைக் கடைக்காரர் மகன். சரக்கு, டப்பா விஷயத்தில் அவரோடு வாதாட முடியாது.

எங்கள் வீட்டில் 1964 என்பது ஒரு வருடத்தின் பெயர் மாதிரி இல்லை, குலசாமி கதை மாதிரி. கொன்சேடான் தெருக் காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது தாத்தாவின் கடை. அந்த வருடம் மார்ச் 19 அன்று ரங்கூன் முழுக்கக் கடைகளைத் தேசியமயமாக்கியபோது எங்கள் கடைக்கும் சிப்பாய் வந்தார். பல வருடம் கழித்து, உள்ளே இரண்டு பெக் போன இரவுகளில் தாத்தா ஒப்பிப்பார்: "மிளகாய் பதினெட்டு வீசை. மல்லி ஒன்பது வீசை. கடலெண்ணெய் நாலு டின். பெருங்காயம் ரெண்டு டப்பா. தராசு ஒண்ணு, அதுவும் பித்தளைத் தராசு." கந்தர் சஷ்டி கவசம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரிவதுபோல எனக்கு அந்தப் பட்டியல் தெரியும். பாட்டி "ஆரம்பிச்சாச்சா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று: உங்கள் ஊரில் எப்போதோ செத்துப்போன வீசை இங்கே இன்னமும் உயிரோடு இருக்கிறது. பர்மியர்கள் மீனும் வெங்காயமும் அந்த அளவையில்தான் வாங்குகிறார்கள். ஒரு வீசை இங்கே 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம்.)

பட்டியலின் கார்பன் நகல் ஒன்று பூஜை அறைத் தகரப் பெட்டியில் இருக்கிறது. பர்மிய எழுத்தில், நீல மசி மங்கிப்போய், நாலாக மடித்தது. அதை ஒரு தியாகிக்குக் கொடுத்த தாமிரப் பட்டயம் போலத்தான் வைத்திருந்தோம். முழுசாக யாரும் படித்ததில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததை எதற்குப் படிக்க வேண்டும்?

மசாலாவும் மற்ற சரக்குகளும்

'கம்யூனிஸ்ட்' என்ற ஒரே டப்பாவுக்குள் அப்பா குறைந்தது நாலு சரக்கைப் போட்டு வைத்திருக்கிறார். முதலாவது, சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர் ஊ நு காலத்து சோசலிசம். 1948இல் சுதந்திரம் வந்த வருடமே நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பெரிய காரணம் நம்மவர்கள்தான் என்பதை இங்கே தமிழர்கள் கொஞ்சம் தணிந்த குரலில்தான் பேசுவோம். 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை தரைக்கு வந்தது, கடன் வாங்கிய விவசாயிகள் அடமானத்தை மீட்க முடியவில்லை, 1937-38இல் அது நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. செட்டியார்கள் வயலுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, வட்டிக்கு வந்தவர்கள். ரொக்கம் திரும்ப வராமல் சேறு கையில் மாட்டியது என்று அவர்களே புலம்பியிருப்பார்கள். ஆனால் அப்பன் பாட்டன் உழுத நிலத்தில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியனுக்கு இந்த நுணுக்கம் எதற்கு? ஊ நுவின் சோசலிசத்தில் தேர்தல் இருந்தது, பார்லிமெண்ட் இருந்தது, புத்தர் நிறையவே இருந்தார். அரிசி ஏற்றுமதியை அரசு வாரியம் எடுத்துக்கொண்டது, தெருமுனையில் மிளகாய் விற்பவனை யாரும் தொடவில்லை. பாட்டி அதைச் சோசலிசம் என்றே கணக்கில் சேர்க்க மாட்டார். அவருக்கு அது 'நல்ல காலம்'. கடைசிவரை கியாட்டை ரூபாய் என்றே சொன்னவர் அவர்.

இரண்டாவது சரக்கு, காட்டுக்குள் போனவர்கள். பர்மியர்கள் 'பகப' என்று சுருக்கிச் சொல்லும் கம்யூனிஸ்ட் கட்சி 1939இல் தொடங்கியது. அதன் முதல் பொதுச்செயலாளர் வேறு யாருமில்லை, பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான். 1946இல் அது வெள்ளைக் கொடி, செங்கொடி என்று இரண்டாக உடைந்தது. தகின் தான் துன் ஒரு பக்கம், தகின் சோ ஒரு பக்கம், ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். சுதந்திரம் வந்து மூன்று மாதம் ஆகும் முன் வெள்ளைக் கொடிக்காரர்கள் ஆயுதம் தூக்கினார்கள். நிலம் உழுபவனுக்கு, கடன் ரத்து, ஆட்சி கட்சிக்கு என்பது அவர்கள் கணக்கு. 1963இல், பின்னால் எங்கள் கடையை எடுத்துக்கொண்ட அதே ராணுவ அரசோடு சில மாதம் சமாதானப் பேச்சு நடத்தினார்கள், நவம்பரில் அது முறிந்தது. அடுத்த மார்ச்சில் எங்கள் கடை போனது. அதாவது, எங்கள் மிளகாய் மூட்டையை எண்ணிய சிப்பாயின் சகாக்கள் அந்நேரம் பகபவைத் தேடிக் காட்டில் அலைந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் எங்களைத் தொட்டது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஏப்ரல் 30 அன்று 'சோசலிசத்துக்குப் பர்மிய வழி' என்ற அறிக்கை. ஜூலை 4 அன்று கட்சி. அடுத்த ஜனவரியில் மனிதனுக்கும் அவன் சூழலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு தத்துவ நூலே வெளியிட்டார்கள். முன்பு மார்க்சியம் படித்த ஊ சிட் லைங் என்பவர் எழுதியது. புத்தரின் அநித்தியமும் இயக்கவியலும் அதில் கலந்து கிடக்கும். கம்யூனிஸ்டுகள் ஒரு பக்கம் விலகிவிட்டார்கள், தேர்தல் சோசலிஸ்டுகள் இன்னொரு பக்கம் விலகிவிட்டார்கள், நாங்கள் நடுவழி என்பது அதன் தொனி. முதலில் கட்சி வந்து, அந்தக் கட்சி படையை வளர்த்து, ஆட்சியைப் பிடித்ததுதான் சீனா. இங்கே படை முதலில் வந்து, ஆட்சியைப் பிடித்து, அப்புறம் தனக்கு ஒரு கட்சியைச் செய்துகொண்டது. அந்தக் கட்சியின் பர்மியப் பெயரைச் சுருக்கினால் 'மசலா' என்று வரும். பர்மியர்களுக்கும் மசாலாவின் பெயர் கிட்டத்தட்ட அதேதான், அவர்களும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "மசாலா வித்த கடையை மசாலாவே எடுத்துக்கிச்சு" என்பது அப்பாவின் நிரந்தர ஜோக்.

நாலாவது சரக்கு, வியாசர்பாடியில் சின்னத்தாத்தா வீட்டு மாடியில் மே மாதம் ஏறும் செங்கொடி. அப்பாவுக்கு மற்ற மூன்றையும்விட இதன்மேல்தான் கோபம். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடை போன துக்கத்திலேயே செத்தார். கப்பலேறிப் போன மற்றவர், மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சங்கத்தில் சேர்ந்து செங்கொடி பிடித்தார். "சூடு கண்ட பூனை திரும்ப அடுப்பங்கரைக்குப் போகுமா? இவர் போயிருக்கார்" என்பார் அப்பா.

வியாசர்பாடி

2019இல் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்களை வரிசை வரிசையாகக் குடியமர்த்திய அந்தப் பகுதியில், ஒரு சந்தில், சின்னத்தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் இருந்தார். எழுபத்தாறு வயது. நான் பேசும் தமிழில் பர்மியச் சொல் கலந்தால் அவருக்கு முகம் மலரும். பாரிமுனைப் பக்கம் போய் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் வாங்கி வரச் சொன்னார், கூடவே இங்கே செய்வது போல அது இல்லை என்று குறையும் சொன்னார். மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்டுவிட்டேன். "தாத்தா, கடையைப் பிடுங்கினவங்க பேரும் சோசலிஸ்ட். நீங்க பிடிச்ச கொடியும் அதே. எப்படி மனசு வந்துச்சு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அந்தப் பட்டியல் இருக்கா இன்னும்?" என்றார். இருக்கிறது என்றேன். "கையெழுத்து எப்படி இருக்கும்?" மணிமணியாக இருக்கும் என்றேன். "என் கையெழுத்து, ஆத்தா" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் ஓடவில்லை. ஐம்பத்தைந்து வருடமாக நாங்கள் கும்பிட்ட காகிதத்தை எழுதியது எதிரிகளின் குமாஸ்தா என்றுதான் நினைத்திருந்தோம். அவர் சொன்னது இது: அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. பர்மியப் பள்ளியில் படித்தவர், சின்னச் சின்னப் பர்மியப் பிரசுரங்கள் படித்தவர். கடைகளை மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ரேடியோ சொன்னபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "மக்கள்னா யாரு? எனக்குத் தெரிஞ்ச மக்கள் மூணு பேருதான். நம்ம கடைப் பையன்க." ஒருவன் தட்டோன் பக்கத்துத் தமிழன், ஒருவன் பர்மியன், ஒருவன் முஸ்லிம் பையன். மூவரும் கடைக்குள்ளேயே சாக்கை விரித்துப் படுப்பவர்கள். சாப்பாடு வீட்டிலிருந்து போகும். சம்பளம் தாத்தா இஷ்டத்துக்குப் போகும். அந்த மார்ச்சில் பிப்ரவரிச் சம்பளமே பாக்கி. (இதைத் தாத்தாவின் ஸ்தோத்திரத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.) கடை இனி இந்தப் பையன்களுக்கு என்று சின்னத்தாத்தா நம்பினார்.

வந்த சிப்பாய்க்கு வயது முப்பதுக்குள் இருக்குமாம், மரியாதையானவராம், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தாராம். அவருக்குச் சரக்கின் பெயர் தெரியவில்லை, தாத்தாவுக்குப் பர்மியம் எழுத வராது. நான் எழுதுகிறேன் என்று சின்னத்தாத்தா முன்னால் வந்தார். பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்த சிப்பாய் தலையைப் பின்னால் இழுத்து, "மருந்தா?" என்றாராம். விளக்கப் பொறுமை இல்லாமல் 'மருந்து, ரெண்டு டப்பா' என்றே எழுதிவிட்டார். எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசியில் தானாக மூன்று வரி சேர்த்தார். மூன்று பையன்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய சம்பளம். சிப்பாய் படித்துப் பார்த்தார், சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கடை ஸ்கேலையே எடுத்து வைத்து அந்த மூன்று வரியையும் நேர்க்கோடாக அடித்தார். "பொருள் மட்டும் எழுது. ஆள் கணக்கு வேற" என்றார். "யார்கிட்ட?" என்று இவர் கேட்டார். "மேலிடம் சொல்லும்." சாவிக்கொத்தைத் தாத்தாவிடமிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேலிடம் சொல்லவேயில்லை. கடைக்குப் பெயர் போய் நம்பர் வந்தது: பிதூசைன், மக்கள் கடை. விலை காட்டிக் கொடுக்கத் தாத்தாவையே இரண்டு மாதம் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். பையன்களில் இருவரை அந்த வாரமே அனுப்பினார்கள், மற்றவன் மூன்று வாரம் இருந்தான். மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று வந்தபோது தாத்தா சுவரில் முட்டிக்கொண்டாராம். "பையன்களுக்கு அதுல நஷ்டம் இல்ல, நூறு ரூபா நோட்டைப் பார்த்திருந்தாத்தானே" என்றார் சின்னத்தாத்தா. அந்த வருடக் கடைசியில் அவர் கப்பலேறினார். "நீயே எழுதிக் கொடுத்தியேடா" என்பதுதான் அண்ணன் அவரிடம் கடைசியாகச் சொன்னது. பதினொரு வருடம் கடிதமே இல்லை. யார் எழுதியது என்பதை மட்டும் தாத்தா சாகும்வரை எங்களிடம் காட்டிக் கொடுக்கவில்லை.

என் கேள்விக்குப் பதில் என்ன என்று மறுபடி கேட்டேன். "அங்க சங்கம் இல்லாத சோசலிசம் பாத்தேன். இங்க வந்து சோசலிசம் இல்லாத சங்கம் பாத்தேன். ரெண்டாவதுல சம்பளம் வந்துச்சு" என்றார். அப்புறம் அத்தோவில் வெங்காயம் போதவில்லை என்ற பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

சட்டைப் பையில் போன சாவி

அதற்குப் பிறகுதான் இடதுசாரி முறைகளுக்குள் என்ன வித்தியாசம் என்பதை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். எது தீவிரம், எது மிதம் என்று அளப்பதில் எனக்குச் சுவாரசியம் போய்விட்டது. முதலாளியிடமிருந்து வாங்கிய சாவி யார் பைக்குப் போகிறது என்று பார்க்கிறேன். ஸ்வீடனில் சாவியை வாங்கவேயில்லை. தொழிற்சாலை முதலாளியிடமே இருந்தது, 1938இல் சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், அரசு வரியை வாங்கிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தியது. யூகோஸ்லாவியாவில் 1950இல் ஒரு சட்டம் போட்டு, ஆலையை நடத்தத் தொழிலாளர் மன்றங்கள் என்றார்கள். கட்சியின் கண் மேலே இருந்துகொண்டுதான் இருந்தது, என்றாலும் மன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். சின்னத்தாத்தா கனவு கண்டது ஏறக்குறைய இதைத்தான். அந்தப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது கேரளம், ஏனென்றால் அங்கே கணக்கு சென்ட்டில் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே இல்லை என்றானது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3 வரை உரிமை. பட்டியலில் ஆளின் பெயர் இருந்தது, அதை ஸ்கேல் வைத்து அடிக்க முடியாது. பர்மாவிலும் விவசாயிக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். கடனுக்காக நிலத்தையும் மாட்டையும் ஜப்தி செய்யக் கூடாது என்று 1963இல் சட்டம் வந்தது, 1965இல் குத்தகையையே ஒழித்தார்கள். செட்டியாரிடம் நிலம் இழந்தவனின் பேரனுக்கு இது சின்ன விஷயமா? ஆனால் நிலம் அரசுடையது, அவனுக்கு உழும் உரிமை மட்டும். விளைந்த நெல்லை வாங்க ஒரே ஆள், அவன் சொன்னதே விலை. இரண்டாம் உலகப் போருக்கு முன் வருடத்துக்கு 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில், 1967இல் அரிசிக்குத் தட்டுப்பாடு. மக்கள் கடையில் சோப்புக்கும் கைலிக்கும் அட்டையோடு வரிசை. வரிசையில் கிடைக்காதது மௌங்கோவில், அதாவது கள்ளச் சந்தையில், தாய்லாந்து எல்லையிலிருந்து வரும். அப்பா தன் இளமை முழுவதையும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓடியே கழித்தார்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். 1974 மார்ச்சில் நாடு சோசலிசக் குடியரசு ஆனது. அதே வருடம் ஜூனில், அரிசியும் கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ரங்கூன் ஆலைத் தொழிலாளர்கள்மேல் ராணுவம் சுட்டது. தொழிலாளியின் பெயரில் நடக்கும் அரசுக்கு எதிராகத் தொழிலாளி எதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். 'ஆள் கணக்கு வேற' என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. மீதிப் பாதியைத் தம்பி ஏற்க மாட்டான்: தனி ஆள் கையில் ஒரு கடைகூட மிஞ்சக் கூடாது, ஒரே ஒரு கட்சி போதும் என்பதெல்லாம் நே வின் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. தம்பி செல்போனில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தின் வீட்டிலிருந்தும் அதில் கொஞ்சம் வந்தது. எங்களைப் போன்ற வெளிநாட்டார் பதிவு அட்டைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மக்கள் கடை, மக்கள் வங்கி என்றார்களே, அந்த 'மக்கள்' என்ற சொல்லுக்குள் நாங்கள் இருந்தோமா? தட்டோன் பையனிடம் எந்த அட்டை இருந்தது என்று சின்னத்தாத்தாவிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் தகரப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி மடிப்பில் மூன்று வரியும் இருந்தன, நேரான கோட்டின் அடியில், படிக்க முடிகிற அளவில். சின்னத்தாத்தா சொன்னதை எல்லாம் சொன்னேன். அப்பா அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உதடு அசைத்துப் படித்தார். நடுப் பையன் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காளி கோயில் தேர் பார்க்கப் போனதாகச் சொன்னார். 'மருந்து, ரெண்டு டப்பா' வரியைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் விரலை மேலே கொண்டுபோய், ஒரு வரியில் நிறுத்தினார்.

"மிளகா பதினொரு வீசைன்னுல்ல போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். பதினொன்றுதான். பர்மிய எண் தெளிவாக இருந்தது. தாத்தா போதையில் எதை மறந்தாலும் பதினெட்டை மறந்ததில்லை. ஏழு வீசை எங்கே? அன்றைய விலையில் ஏழு வீசை மிளகாய் என்ன பெறும் என்று அப்பா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார், மூன்று பையன்களின் சம்பள வரியை மறுபடி ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றினார். "போன் போடு அவருக்கு" என்றார். சித்தப்பாவை அழைத்து விவரம் கேட்கும் பழக்கம் என் அப்பாவுக்கு அதுவரை இருந்ததில்லை.

ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சித்தப்பா, மிளகா பதினெட்டா, பதினொண்ணா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "மிளகாய்க்குக் கால் முளைச்சிருக்கும்டா" என்றார் சின்னத்தாத்தா. அப்புறம், "அங்க மழை பிடிச்சிருச்சா?" என்று கேட்டார்.